இருபத்திரண்டு நிமிஷப் பாட்டு

"இந்தப் பாட்டு எப்பங்க முடியும்?"

கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டாள். டேப் ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்தது நான் எழுதி, என் நண்பன் மெட்டுப் போட்ட பாட்டு. "இன்னும் 11 நிமிஷம் இருக்கு" என்றேன். உள்ளே போய் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னுமா?" என்றாள். எனக்கு வாய்த்த ரசிகர்களில் பாட்டை அதிக நேரம் கேட்டவள் அவள்தான். சமையலறையிலிருந்து கேட்டாலும் கணக்கு கணக்குதானே!

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பாட்டுதான் எழுதியிருக்கிறேன். அது 22 நிமிஷம். சினிமாப் பாட்டு ஒன்று நாலரை நிமிஷம் என்று வைத்தால் கிட்டத்தட்ட அஞ்சு பாட்டு. "அப்ப அஞ்சு பாட்டு எழுதினதா சொல்லிக்கலாமே சார்" என்று ஆபீசில் ஒருவர் யோசனை சொன்னார். அஞ்சு ஆட்டோவை வரிசையாக நிறுத்தினால் ரயில் ஆகிவிடுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அது புரிய இரண்டு வருஷம் ஆனது.

கதை நடந்த ஊர் கடையநல்லூர். வருஷம் 1993. மேற்கே பார்த்தால் மலை. ஊருக்குள் பாதி வீட்டில் தறிச் சத்தம், மீதி வீட்டில் வளைகுடாவிலிருந்து வந்த டேப் ரெக்கார்டர் சத்தம். எனக்கு அப்போது 22 வயசு. பகலில் கிளார்க். சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கித்தார். கல்யாண வீடு, கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். கூப்பிடாத இடத்துக்கும் ஒரு தடவை போயிருக்கிறோம், அது வேறு கதை.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நெசவாளி வீட்டுப் பையன். பெயர் வேண்டாம், கீபோர்டு என்றே வைத்துக்கொள்வோம். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தறிச் சத்தம் கேட்டு வளர்ந்ததால் அவனுக்குத் தாளம் தப்பவே தப்பாது. அவன் அண்ணன் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது தைலம், டார்ச் லைட், சென்ட் பாட்டில் இவற்றோடு ஒரு கேசட்டும் கொண்டுவந்திருந்தார்.

"யாரு பாடினது?" என்று கேட்டேன்.

"யெஸ்."

"யாருன்னு கேட்டா யெஸ்ஸுங்கியே?"

"குழுவோட பேரே யெஸ்தான்வே!"

போட்டோம். முதலில் பாட்டே இல்லை. தண்ணீர் ஓடுகிற சத்தமும் பறவைச் சத்தமும். குற்றாலத்தில் வைத்துப் பதிவு பண்ணியிருப்பானோ என்று கீபோர்டு சிரித்தான். அப்புறம் திடீரென்று நாலைந்து பேர் நாலைந்து திசையில் ஓடுகிற மாதிரி ஒரு களேபரம். பிறகு பாட்டு. பிறகு எல்லாம் அடங்கி மெதுவாக ஓர் இடம், நடுவில் சர்ச்சில் வாசிக்கிற பெரிய ஆர்கன். மறுபடி ஓட்டம். எங்கேயோ ஆரம்பத்தில் கேட்ட மெட்டு ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. கடைசியில் அதே தண்ணீர், அதே பறவை. கடிகாரத்தைப் பார்த்தால் 18 நிமிஷத்துக்கு மேல் போயிருக்கிறது. ஒரே பாட்டு!

அது 1972-ல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. இந்த மாதிரி சங்கதிக்கு ப்ராக்ரசிவ் ராக் என்று பெயர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும். அதனால்தான் பாட்டென்றால் மூணு நிமிஷம் என்று உலகத்துக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. நம் பெரிய வித்வான்கள்கூட அரை மணி நேரக் கீர்த்தனையை அந்தத் தட்டுக்குள் மடித்துத் திணித்தார்கள். லாங் ப்ளே தட்டு வந்த பின் ஒரு பக்கத்தில் 20 நிமிஷத்துக்கு மேல் கொண்டது. இங்கிலாந்துப் பையன்கள் பார்த்தார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு போட்டால் என்ன?

போட்டார்கள். 1971-ல் பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' இருபத்து மூணரை நிமிஷம். அவர்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து தோன்றினதையெல்லாம் துண்டு துண்டாகப் பதிவு பண்ணி, அவற்றுக்கு 'ஒன்றுமில்லை-1', 'ஒன்றுமில்லை-2' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றுமில்லைகளைச் சேர்த்துத்தான் அந்தப் பாட்டு. 1972-ல் ஜெத்ரோ டல் என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போய், தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு, சுமார் 44 நிமிஷம், போட்டது. அதுவும் இப்படி நீட்டி முழக்குகிறவர்களைக் கிண்டல் பண்ணுவதற்காக! பாட்டை எழுதியது எட்டு வயசுப் பையன் என்று புளுகி, அட்டையைச் செய்தித்தாள் மாதிரி அச்சடித்தார்கள். கிண்டலுக்குப் போட்ட தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்துக்குப் போனது.

இதெல்லாம் தெரியாமலே 1993-ல் நாங்கள் முடிவெடுத்தோம். நாமும் ஒன்று போடுவோம்.

கதை வேண்டுமே? மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில் முத்துப்பட்டன் கதை தெரியாதவர்கள் குறைவு. பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டு அக்கா தங்கையைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, பூணூலை அறுத்துப் போட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, அவர்களைக் கட்டிக்கொண்டவன். மாடு பிடிக்க வந்த கள்ளர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் பட்டவராயன் என்று அவனைக் கும்பிடுகிறார்கள். காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு. பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் புத்தகமாகவே பதிப்பித்திருக்கிறார். லைப்ரரியில் எடுத்து வந்து, திருப்பித் தர மறந்தேன். அபராதம் கட்டியது நான், பாதி பணம் தருவதாகச் சொன்னவன் கீபோர்டு. இன்னும் தரவில்லை.

மூணு வாரத்தில் பாட்டு தயார். பட்டன் வருவதற்கு ஒரு மெட்டு, பெண்களுக்கு ஒரு மெட்டு, கல்யாணத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் டிரம்ஸில் ஒரு உருட்டு. மொத்தம் 20 நிமிஷம். நாங்களே ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவி இருந்தார். அப்போதே எழுபதுக்கு மேல். முத்துப்பட்டன் கதையைக் கொடைகளில் எத்தனையோ தடவை பாடியவர். அவரிடம் ஒரு பாராட்டு வாங்கிவிடலாம் என்று கேசட்டோடு போனோம். திண்ணையில் வைத்துப் போட்டுக் காட்டினோம். முழுசும் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது பாட்டு இல்ல, பஸ் ஸ்டாண்டு. வாறவன் வாறான், போறவன் போறான். ஒருத்தன ஒருத்தனுக்குத் தெரியல."

கீபோர்டுக்கு முகம் செத்துவிட்டது. எனக்குக் கோபம். "வெள்ளைக்காரன் 18 நிமிஷம் பாடியிருக்கான் தாத்தா" என்று யெஸ் கேசட்டைப் போட்டேன். அதையும் கேட்டார். முடியும்போது தண்ணீர்ச் சத்தம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவன் தெரிஞ்சவன். பொறப்பட்ட எடத்துக்கே கொண்டாந்து விட்டுட்டானே. பேரென்ன சொன்னீங்க?"

"யெஸ். அப்படின்னா ஆமான்னு அர்த்தம் தாத்தா."

"ஆமாவா? நம்ம பக்கப்பாட்டுக்காரன்லா!" என்று குலுங்கிச் சிரித்தார். வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். அண்ணாவி ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். கேட்கிறவன் தூங்காமல் இருக்கிறானா என்று பார்க்கிற ஆமா அது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணாவி வீட்டில் ஆஜர். வில்லுப்பாட்டு என்றால் ரேடியோவிலும் டி.வி.யிலும் சுப்பு ஆறுமுகம் ஐயா (2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், 2022-ல் காலமானார்) நடத்துகிற ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றுதான் பட்டணத்துக்காரர்கள் நினைப்பார்கள். கோயில் கொடையில் அது ராத்திரி பூரா. பனை வைரத்தில் செய்த வில், அதில் கட்டின மணிகள், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. இவ்வளவுதான் ஆர்க்கெஸ்ட்ரா. காப்புப் பாடி, குருவை வணங்கி, சபைக்கு அடக்கம் சொல்லி, பிறகு கதைக்குள் போய், கடைசியில் வாழ்த்துப் பாடி முடிக்க வேண்டும். நடுச்சாமத்தில் கதை சரியான இடத்துக்கு வரும்போது சாமியாடிக்கு அருள் வர வேண்டும். முன்னாடியும் வரக்கூடாது, பின்னாடியும் வரக்கூடாது. சாமி தாமதமானால் கதையை நீட்டணும். சீக்கிரம் வந்துவிட்டால் மடக்கணும்.

"முக்கா மணி நேரம் இழுக்கவும் எனக்குத் தெரியும், அதையே பத்து நிமிசத்துல முடிக்கவும் தெரியும். முடிக்கத் தெரியாதவன் இழுக்கப்பிடாது" என்றார். அதை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு நாள் வில்லையே காட்டினார். "நாண் ரெண்டு பக்கமும் கட்டியிருக்கதுனாலதான் சத்தம் வருது. ஒரு பக்கம் அவுத்துவிட்டா அது வெறும் கயிறுல்லா?"

அதுதான் எங்களுக்குக் கிடைத்த பாடம். நீளமான பாட்டில் கஷ்டம் நீளம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு மெட்டை ஊன்றிவிட்டு, கேட்கிறவன் அதை மறந்துவிடுகிற அளவுக்குத் தூரம் போய், முற்றிலும் மறப்பதற்குள் திரும்பி வர வேண்டும். நம் கச்சேரிப் பல்லவியும் இதுதானே? ஒரே ஒரு வரி. கணக்கெல்லாம் போட்டுச் சுற்றிவிட்டு எடுப்பில் வந்து விழும்போது சபை 'ஆகா' என்கிறது. சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்துபோகையில் பாடியதுதான் காவடிச்சிந்து என்பார்கள். நடக்கிற காலுக்குப் பாட்டு. எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று பாடினவருக்கும் நடந்தவருக்கும் தெரியும். எங்கள் முதல் பாட்டுக்குத் தெரியவில்லை.

பழைய பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒன்பது மாசம் ஆனது. எங்கம்மா "பிள்ளை பெத்திருக்கலாம்" என்றாள்.

அஞ்சு மெட்டு வேண்டாம், ஒன்றே போதும் என்று முடிவு. அக்காவும் தங்கையும் பாடுகிற மாதிரி எட்டே ஸ்வரத்தில் ஒரு சின்ன மெட்டு. தாலாட்டு மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சம் விரட்டினால் பட்டன் மலையேறுகிற நடை. தலைகீழாக வாசித்தால் அப்பன்காரன் வாலப்பகடை பட்டனுக்குப் போடுகிற நிபந்தனை. நாதஸ்வர சத்தத்தில் வைத்தால் கல்யாணம். இதை எல்லாம் கண்டுபிடித்தவன் கீபோர்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து ஜன்னலைத் தட்டி, "மாப்ளே, தலைகீழாப் போட்டாலும் பாட்டா இருக்குடே!" என்று கத்துவான். தெரு நாய்கள் அத்தனையும் ஆமா போடும்.

எனக்கு வந்த கஷ்டம் வார்த்தை. நாலு நிமிஷப் பாட்டில் ஒரு பல்லவியை நாலு தடவை பாடி ஒப்பேற்றிவிடலாம். இங்கே ஒரே வரி மூன்றாவது நிமிஷத்திலும் 19-வது நிமிஷத்திலும் வருகிறது. முதலில் அது மாட்டை வீட்டுக்குக் கூப்பிடுகிற சாதாரண வார்த்தை. மறுபடி வரும்போது மாடு மட்டும் திரும்பி வந்திருக்கிறது, மாட்டுக்குப் பின்னால் போனவன் வரவில்லை. ஒரு எழுத்துகூட மாற்றக்கூடாது. ஆனால் அர்த்தம் முழுக்க மாறியிருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று காலி. கிடைத்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நாலு நிமிஷப் பாட்டில் அந்தச் சந்தோஷம் கிடைக்காது, சார். அதற்கு நடுவில் 16 நிமிஷம் வேண்டும்.

நான் பெருமைப்பட்ட இடம் இன்னொன்று உண்டு. பட்டன் மலை ஏறுகிற இடத்தில் கித்தாருக்கு நாலு நிமிஷம், ஏழு எண்ணிக்கைத் தாளம். தகிட தகதிமி, நம் மிச்ர சாபுதான். எங்கள் டிரம்ஸ்காரனுக்கு எட்டுதான் பழக்கம். ஏழு முடிந்ததும் ஒன்று குறைகிறதே என்று பந்தியில் ஊறுகாய் வைக்காத இலையைப் பார்க்கிற மாதிரி விழிப்பான். ஒரு மாசம் பயிற்சி. பிறகு அவன் சைக்கிள் மிதிப்பதே ஏழில்தான் என்று ஆனது.

1994 கடைசியில் அண்ணாவி வீட்டில் வைத்து முழுப் பாட்டையும் கேசட்டில் பதிவு பண்ணினோம். குடம் வாசித்தது அண்ணாவி. முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "ஏட்டி, பிள்ளைகளுக்குக் காப்பி போடு" என்றார். அதுவரை எங்களுக்குத் தண்ணீர்தான்.

1995 சித்திரையில் ஒரு கிராமத்துக் கோயில் கொடை. வில்லுப்பாட்டு முடிந்து மறுநாள் எங்கள் இன்னிசை நிகழ்ச்சி. பத்து சினிமாப் பாட்டு பாடிவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எங்கள் பாட்டைத் தொடங்கினோம். ஆறாவது நிமிஷத்தில் மேடைக்கு ஒரு சீட்டு வந்தது, ரஜினி பாட்டு கேட்டு. எட்டாவது நிமிஷத்தில் இன்னொரு சீட்டு, 'மைக் செட் சரியில்லையா?' என்று. பத்தாவது நிமிஷத்தில் கமிட்டித் தலைவர் மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவிகள் அசையவில்லை. கதை அவர்களுக்குத் தெரியும், பட்டன் எப்படியும் சாகப் போகிறான் என்று காத்திருந்தார்கள். 14-வது நிமிஷம், சண்டை தொடங்கும் இடத்தில், கரண்ட் போச்சு.

இருட்டில் ஒரு விநாடி நிசப்தம். அப்புறம் பலத்த கைதட்டல். பாட்டு அங்கேதான் முடிகிறது, விளக்கை அணைத்தது எங்கள் உத்தி என்று நினைத்துவிட்டார்கள்! நாங்கள் அந்த 19-வது நிமிஷத்துக்கு ஒரு மேடையிலும் போய்ச் சேரவில்லை.

ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்ட ஒருவர், மெட்ராசில் கேசட் போடுகிற ஒரு கம்பெனிக்காரரைக் கூட்டிவந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். "மெட்டு நல்லாருக்கு தம்பி. அஞ்சு நிமிஷத்துக்கு வெட்டிக் குடுங்க, நாட்டுப்புறப் பாட்டுக் கேசட்டுல முதல் பாட்டா வச்சிடலாம். மிச்சத்த நீங்க வீட்டுல கேட்டுக்குங்க" என்றார். ஒரு தொகையும் சொன்னார். பெரிய தொகை இல்லை. அன்றைக்கு எங்களுக்குப் பெரிசு. அடுத்தடுத்து வாசிக்கவும் கூப்பிடுவதாகச் சொன்னார்.

கீபோர்டுக்கு அப்போது தங்கச்சி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தறியில் வருமானம் போதாது. அண்ணன் சவுதிக்கு விசா அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவனுக்குப் போக மனசில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

"வெட்டிக் குடுத்துருவோமா மாப்ளே?"

"கழுத்தை வெட்டிட்டு காலை மட்டும் விக்கச் சொல்லுதியா?" என்றேன். நாண், வில், எடுப்பு, கலை என்று அண்ணாவியிடம் கேட்டதையெல்லாம் அரை மணி நேரம் அவனுக்கே சொன்னேன். வார்த்தை என்னுடையது, என் சம்மதம் இல்லாமல் போடக்கூடாது என்றும் சொன்னேன். அவன் டீயைக் குடித்து முடித்தான்.

"ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்குறவன் பேசுற பேச்சு" என்றான். அவ்வளவுதான். 1996-ல் சவுதிக்குப் போய்விட்டான்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். பார்ப்போம். என் கல்யாணத்துக்குத் துணி வாங்கி வந்தான். குழந்தைகள், நிலம், சர்க்கரை அளவு எல்லாம் பேசுவோம். பாட்டை மட்டும் பேச மாட்டோம். அண்ணாவி காலமானபோது அவன் தம்மாமில் இருந்தான். நான் மட்டும் போய் வந்தேன். அப்புறம் எனக்கும் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது.

பல வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் படித்தேன். ட்ரீம் தியேட்டர் என்று ஒரு அமெரிக்கக் குழு. அதன் டிரம்மர் மைக் போர்ட்னாய், விமான விபத்தில் இறந்த தன் அம்மாவை நினைத்து வார்த்தை எழுதின நீளமான பாட்டு ஒன்று, 1989-லேயே தயார். 1992-ல் வந்த ஆல்பத்தில் அதற்கு இடமில்லை, ரொம்ப நீளம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. எடுத்துவிட்டார்கள். யாரும் குழுவை உடைக்கவில்லை. மேடையில் வாசித்தார்கள், ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், 1995-ல் 23 நிமிஷமும் முழுசாக வெளிவந்தது. நான் கரண்ட் போன மேடையில் நின்றுகொண்டிருந்த அதே வருஷம். கம்பெனிக்கு அஞ்சு நிமிஷத்தைக் கொடுத்திருந்தால் மிச்சம் 17 நிமிஷம் எங்கே ஓடிப் போயிருக்கும்? என் அலமாரியில்தானே இருந்திருக்கும்? இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நம் இளையராஜாவைப் பாருங்கள். 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' போட்டார், 2005-ல் திருவாசகத்தை சிம்பொனி வாத்தியங்களோடு போட்டார், 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியையே அரங்கேற்றினார். நடுவில் நாலரை நிமிஷப் பாட்டு ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டேதான் இருந்தார். ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு பாட்டு எழுதினவனுக்குத்தான் அந்த வீம்பெல்லாம்.

கீபோர்டு 2019-ல் ஊரோடு வந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை. 2023-ல் ஒரு கல்யாணத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தேன். திரும்பும் அன்று பொதிகை எக்ஸ்பிரஸுக்கு ஏற்றிவிட ஸ்டேஷனுக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்ததும் பையிலிருந்து இயர்போனை எடுத்து, ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, மறு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர்ச் சத்தம். கருப்பாநதி அணைப் பக்கம் போய்ப் பதிவு பண்ணினதாம். அப்புறம் அக்கா தங்கை மெட்டு.

தம்மாமில் எட்டுப் பேர் தங்கின அறையில், மற்றவர்கள் தூங்கின பிறகு, லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வருஷக்கணக்காக, ஒன்றுமில்லை-1, ஒன்றுமில்லை-2 என்று சேர்த்திருக்கிறான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் வந்தது. சண்டை வந்தது. கரண்ட் போன இடத்தைத் தாண்டியபோது அவன் லேசாக என் தொடையைத் தட்டினான். கொஞ்ச நேரத்தில் ரயிலும் வந்துவிட்டது.

இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினேன். "மிச்சத்த அனுப்புதேன்!" என்று கத்தினான்.

வாட்ஸ்அப்பில் வந்தது. ஆனால் டவர் இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாம்புக்கோவில் சந்தை தாண்டின பிறகுதான் இறங்கியது. கடைசி மூணு நிமிஷம். எல்லா வாத்தியமும் ஒவ்வொன்றாக விலகி, மெட்டு மட்டும், ரொம்ப மெதுவாக. அந்த வரியை யாரோ ஒரு பெண் பாடியிருந்தாள், ஒரு எழுத்து மாறவில்லை. கூடவே ஒரு குடம். கொஞ்சம் இரைச்சலோடு, பழைய கேசட்டிலிருந்து எடுத்த குடம். 1994. முடிந்ததும் தண்ணீர்ச் சத்தத்துக்கு முன்னால், தெளிவில்லாமல், பதிவு பண்ணினபோது எங்களுக்கே தெரியாமல் விழுந்திருந்த அண்ணாவியின் குரல்.

"ஆமா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிர் சீட்டுக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மணி பார்க்கத் தோன்றியது. பாட்டின் மொத்த நீளத்தைக் கூட்டிப் பார்த்தேன். 18 நிமிஷம்தான் வருகிறது. மறுபடி யோசித்தேன். என் ஏழு எண்ணிக்கைக் கித்தார் நாலு நிமிஷம் அதில் இல்லவே இல்லை! கேட்கும்போது அது காணாமல் போனதே எனக்குத் தெரியவில்லை.

'என் நாலு நிமிஷம் எங்கேடே?' என்று அனுப்பினேன்.

'அண்ணாவி சொன்ன பஸ் ஸ்டாண்டு அதுதான் மாப்ளே' என்று பதில் வந்தது.

ஒருத்தனுடைய 30 வருஷக் கோபத்துக்கு என்ன பதில் போடுவது, அல்லது அது கோபமே இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சங்கரன்கோவில் வந்துவிட்டது. பெட்டியோடு ஏறின ஒருவர் டிக்கெட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சார், இது என் சீட்டு" என்றார். பார்த்தால், நான் ஏறியிருந்தது பக்கத்துப் பெட்டி.